அவர்கள் கதையை நான் படிக்கலாமா?

கேள்வி: விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன், திரைக்கதை எழுத ஆசை. கனடாவில் பூர்வகுடி மக்களின் ஊடகம், கதைசொல்லல் பற்றிப் பல்கலைக்கழகங்களில் பாடம் இருக்கிறதாம். போகலாமா? "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்கிறார் அப்பா. நான் அந்த மக்களில் ஒருத்தியும் இல்லை.
– ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். முடித்ததும் அந்த மக்களின் கதைகளை எடுத்துப் படம் பண்ணலாம் என்று நினைத்திருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு கதையை யாரிடம் கேட்க வேண்டும், எழுதியதை யாரிடம் காட்ட வேண்டும் என்பதைக் கற்கத்தான் அங்கே போக வேண்டும்.

கனடாவின் வடகோடியில் இக்லூலிக் என்று ஒரு சின்ன ஊர், இனுயிட் மக்கள் வாழ்வது. தங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லாததால் 1975-லும் 1979-லும் வாக்கெடுப்பு வைத்து டிவியே வேண்டாம் என்றவர்கள் அவர்கள். அந்த ஊர்க்காரர் ஸக்கரியாஸ் குனுக், கல்லில் சிற்பம் செதுக்குபவர், 1981-ல் சிற்பங்களை மான்ட்ரியலுக்குக் கொண்டுபோய் விற்று அந்தக் காசில் வீடியோ கேமரா வாங்கி வந்தார். 2001-ல் அவர் இயக்கிய 'அடனார்ஜுவாட்' கான் விழாவில் தங்கக் கேமரா விருது பெற்றது. முழுக்க இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில் எடுத்த முதல் கதைப்படம் அது.

திரைக்கதை எழுத நினைக்கும் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அதை எழுதிய விதத்தை. திரைக்கதையை எழுதிய பால் அபக் அங்கிலிர்க், ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேரிடம் ஒரே பழங்கதையைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, அப்புறம்தான் எழுத உட்கார்ந்தார். பழங்கதையில் நாயகன் எதிரிகளைக் கொன்று பழிதீர்ப்பான், படத்திலோ அவர்களை ஊரைவிட்டு அனுப்புவதோடு பழி நின்றுவிடுகிறது. கதை அவர்களுடையது, முடிவை மாற்ற அவர்களுக்கு உரிமை இருந்தது. வெளியிலிருந்து போகும் நீங்களோ நானோ கேட்காமல் அதைச் செய்தால் அத்துமீறல்தான்.

சரி, வேலை. 1999-ல் தொடங்கிய ஏபிடிஎன் என்ற பூர்வகுடித் தொலைக்காட்சி இருக்கிறது, டொரொண்டோவில் இமாஜின்நேட்டிவ் திரைவிழா நடக்கிறது. ஆனால் இவை அந்த மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல உருவாக்கியவை, எழுத்தும் இயக்கமும் முதலில் அவர்களுக்குப் போவதே நியாயம். அதனால் திரைக்கதையையோ எடிட்டிங்கையோ முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு இதைத் துணைப்பாடமாக எடுங்கள். கையில் ஒரு தொழில் இருந்தால் எங்கேயும் பிழைக்கலாம், அப்பாவும் சமாதானமாவார். சில படிப்புகள் பூர்வகுடி மாணவர்களுக்கு மட்டுமே என்பதால் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால் அலானிஸ் ஒபோம்சாவின் எடுத்த 'கனேசதாகே' (1993) ஆவணப்படத்தைப் பாருங்கள். 1990-ல் மோஹாக் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்துக்காகத் தடுப்பு போட்டு ராணுவத்தை எதிர்த்து நின்றபோது, அபெனாகி என்ற வேறொரு பூர்வகுடி இனத்தவரான அவர் தடுப்புக்கு உள்ளே அவர்களோடு தங்கிப் படம் பிடித்தார். அதைப் பார்த்த பிறகும் போகத் தோன்றினால் விண்ணப்பம் போடுங்கள்.