எழிலகத்துக்குப் பின்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்குக் குடியாத்தம். போன மாதம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய கட்டடங்களை நடந்தே சுற்றிக் காட்டும் ஒரு நிகழ்ச்சிக்கு எங்களை அழைத்துப் போனாள். ஞாயிறு காலை நேப்பியர் பாலத்தருகே கூடி, கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் வரை நடை. வழிகாட்டிய பெண் நன்றாகவே பேசினார். ஆனால் ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் ஒரு பாணியின் பெயர்: இந்தோ சாரசெனிக், பைசாண்டைன், இத்தாலியன். வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடும்போது எனக்கு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. என் மனைவி, "நம்ம பக்கம் வேலூர்க் கோட்டையை விட்டா என்ன இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டடங்களை எப்படிப் பார்ப்பது? எல்லாம் வெள்ளைக்காரன் கட்டியதுதானே, இதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அன்புடன்,
ர., குடியாத்தம்


அன்புள்ள ர.,

பாணியின் பெயர் மறந்தால் மறக்கட்டும். எனக்கும் நிற்காது. ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றால் நான் இரண்டு விஷயம்தான் யோசிப்பேன். காசு யாருடையது? கட்டியவர் அதற்கு முன் எதைப் பார்த்திருந்தார்? இந்த இரண்டோடு அதே சாலையில் இன்னொரு தடவை நடந்தால், கதை உங்கள் வீட்டுப் பக்கம் வந்து நிற்கும்.

சேப்பாக்கம் அரண்மனையைக் காட்டினார்களா? கடற்கரைச் சாலையில் நின்றால் அது சரியாகக் கண்ணில் படாது. எழிலகமும் மற்ற அரசு அலுவலகங்களும் முன்னால் வந்து மறைத்துவிட்டன. உள்ளே போய், வண்டிகளுக்கும் ஜெராக்ஸ் எடுக்க ஓடுகிறவர்களுக்கும் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். 1768-ல் முடிந்த அரண்மனை. கட்டியவர் முகமது அலி வாலாஜா. ஆற்காட்டு நவாப். நம்ம ஆற்காடுதான். அரண்மனைக்குப் பக்கத்தில் போகும் வாலாஜா சாலைக்கும், ராணிப்பேட்டையைத் தாண்டி நீங்கள் பஸ்ஸில் கடக்கும் வாலாஜாபேட்டைக்கும் பெயர் கொடுத்தவர் அவர் ஒருவரே.

ஆற்காட்டு நவாபுக்குச் சென்னைக் கடற்கரையில் என்ன வேலை? 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு கிழக்கிந்தியக் கும்பெனியின் ராபர்ட் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அது முகமது அலிக்காக நடந்த சண்டை. அவர் நவாப் பட்டத்தில் நிலைத்தது கும்பெனியின் துப்பாக்கி பலத்தில். அப்படி நிலைத்தவர் துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் உசிதம் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஜார்ஜ் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் கடன். நவாபுக்கு அரண்மனையைக் கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்று சொல்வார்கள். கும்பெனி உத்தியோகஸ்தர்; நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவரும் அவர்தான். கட்டுகிறவரே வட்டிக்கும் விடுகிறார். ஈடு என்ன? நிலவரி. ஜில்லா ஜில்லாவாக வசூல் உரிமை கடன்காரர்களிடம் போனது. இந்தக் கடன் லண்டன் பார்லிமெண்ட் வரை நாறியது. 1785-ல் எட்மண்ட் பர்க் இதைப் பற்றியே அங்கே நீளமாகப் பேசினார். கடைசியில் 1801-ல் கர்நாடகம் என்று அப்போது சொன்ன நவாபின் சீமை முழுவதும், நம் வட ஆற்காடும் சேர்த்து, கும்பெனியின் கைக்குப் போனது. பாலாற்றங்கரையில் விளைந்த நெல்லுக்கு வாங்கிய வரியும் அந்த அரண்மனைச் சுவரில் இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டியது என்கிறீர்களே, கடனை அடைத்தது உங்கள் பக்கத்துக் குடியானவன் சார்!

இனி இரண்டாவது கேள்வி. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் அரண்மனை சர்க்காருக்குப் போனது. அதைப் பழுது பார்த்து அலுவலகமாக்கும் வேலை ராபர்ட் சிஸ்ஹோம் என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. இரண்டு மாளிகைகளுக்கு நடுவில் நிற்கும் சதுரக் கோபுரம் அவர் சேர்த்தது. இதே மனிதர் 1870-ல் அதே சாலையில் மாநிலக் கல்லூரியை முடித்திருக்கிறார். அதைப் பார்த்தால் இத்தாலிக்காரர் வீடு மாதிரி இருக்கும். அடுத்து 1874-லிருந்து 1879 வரை பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டினார். அதில் நாலு மூலையிலும் கோபுரம், மேலே கும்மட்டம். ஒரே ஆள், ஒரே தெரு, சில வருஷ இடைவெளி. நடுவில் அவர் கைவைத்தது நவாபின் அரண்மனையில். அங்கே நின்று செங்கல்லையும் சுண்ணாம்பையும் வளைவுகளையும் பார்த்தவர்தான் செனட் மண்டபத்தில் வேறு ஆளாகத் தெரிகிறார் என்பது என் அபிப்பிராயம். நம்ம ஊர்க் கும்மட்டமும் வளைவும் ஐரோப்பியக் கட்டடமும் கலந்த, இந்தோ சாரசெனிக் என்று அந்தப் பெண் சொன்ன சமாச்சாரத்துக்குச் சேப்பாக்கத்தைத்தான் முதல் கட்டடம் என்கிறார்கள்.

ஐஸ் ஹவுஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1842-ல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்கக் கட்டிய கிடங்கு. சென்னை வெயிலை நினைத்தால் அந்த வியாபாரியின் தைரியத்துக்கு ஒரு கும்பிடு போடலாம், அவ்வளவுதான்.

சரி, உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. ஆனால் "கோட்டையை விட்டா" என்று ஏன் விட வேண்டும்? வேலூர்க் கோட்டைக்குள் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருப்பதைக் காட்டி மத நல்லிணக்கம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு எல்லோரும் போண்டா சாப்பிடப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரி பிடிக்காது. 1846-ல் கட்டிய சர்ச்சில் பிரார்த்தனை நடந்த காலமெல்லாம் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமியே கிடையாது. 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கல்யாண மண்டபத்து யாளிகள் அத்தனை காலம் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. 2021 நவம்பர் மழையில் அகழித் தண்ணீர் கோயிலுக்குள் புகுந்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தண்ணீருக்குள் யாளியின் கால்கள் கோணலாகத் தெரிந்தன. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் தண்ணீர் வரவும் போகவும் வழி வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். அடைத்தது நாமாகத்தான் இருக்கும்.

கோட்டைக்கு வெளியே என்றால், லாங் பஜார் மணிக்கூண்டு. அதில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை என்கிறது. ஒரு பெயரும் இல்லை, எண்ணிக்கை மட்டும். வேலூரை 'கிராமம்' என்றே அதில் வெட்டியிருக்கிறார்கள். அதன் கீழேயே இத்தனை வருஷம் காய்கறி வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து படித்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு பையன் கேட்டபோதுதான் படித்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் கோட்டை வாசலுக்கு வந்துவிடலாம். கோட்டை, மணிக்கூண்டு, டிபன். அப்புறம் ஆற்காட்டுக்கு ஒரு பஸ். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்று ஒரு பழைய வாசல், மேலே ஓர் அறையோடு நிற்கிறது. முகமது அலியின் ஆற்காட்டுக் கோட்டையில் மிச்சம் இருப்பது ஏறக்குறைய அது ஒன்றுதான். அதற்குள் நின்று பார்த்துவிட்டு, சென்னைக்குப் போகும்போது மகளிடம் சொல்லுங்கள், சேப்பாக்கம் நடை இங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று.

அன்புடன்.