பையவே சென்ற தீ

கேள்வி: எங்கள் திருவஹீந்திரபுரம் கோயிலில் உபன்யாசம் கேட்டபோது, திருமங்கை மன்னனை ஆழ்வாராக்கியவர் குமுதவல்லி நாச்சியாரே என்றார்கள். அரசனை அரசியே இறைவழியில் நடத்திய வரலாறு வேறு உண்டா? கணவன் சமயமே மனைவிக்கும் சமயம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: உண்டு, அம்மா. உங்கள் ஊர்ப் பெருமாளைப் பத்துப் பாசுரங்களால் பாடிய திருமங்கையாழ்வாரிடம், வைணவராகி நாள்தோறும் 1008 அடியார்களுக்கு ஓராண்டு அமுதிட வேண்டும் என்று திருமணத்துக்கு முன்பே நிபந்தனை விதித்தவர் குமுதவல்லி. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சோழன் மகளான அவர் வாழ்ந்த மதுரை அரண்மனையில், கணவர் நெடுமாறர் சமணத்தைத் தழுவி நின்றார். அரசியாருக்குத் துணையாக இருந்தவர் அமைச்சர் குலச்சிறையார். அரசியார் கணவரோடு வாதாடவும் இல்லை, தம் வழிபாட்டை விடவும் இல்லை. ‘பணிசெய்து நாடொறும் பரவ’ என்று சம்பந்தர் பாடியதில் ‘நாடொறும்’ என்ற சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். காலம் கனிந்தபோது அரசியாரும் அமைச்சரும் திருமறைக்காட்டில் இருந்த சம்பந்தருக்கு ஆளனுப்பி, அவரை மதுரைக்கு வரவழைத்தார்கள்.

சம்பந்தர் தங்கிய மடத்துக்குச் சமணரால் தீ வைக்கப்பட்டபோது, அந்தத் தீ ‘பையவே சென்று பாண்டியற் காகவே’ என்று அவர் பாடினார். குற்றம் அரசனைச் சேரவேண்டும், ஆனால் மெதுவாகச் சேரவேண்டும். ஏன் ‘பையவே’? பாண்டிமாதேவியின் மங்கல நாணைக் காக்க வேண்டும் என்பதைச் சேக்கிழார் முதற்காரணமாக வைக்கிறார். தீ வெப்புநோயாகி மன்னரைப் பற்றியது. சமணர் தொட்ட இடப்பக்கம் மேலும் கொதிக்க, ‘மந்திரமாவது நீறு’ என்று பாடிச் சம்பந்தர் திருநீறு பூசிய வலப்பக்கம் குளிர்ந்தது. முடிவில் மன்னர் சைவரானார். அந்த அரசியார் கணவரின் சமயத்தை மாற்ற விரும்பினார். ஆனால் கணவரை இழக்க ஒருகணமும் விரும்பவில்லை. அவருடைய வழிநடத்தலின் உயிர் ‘பையவே’ என்ற இந்த ஒரு சொல்லில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகப் பெரியபுராணம் கூறும் பகுதியை என்னால் மகிழ்ச்சியோடு படிக்க முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தேவியாரின் பக்தியிலிருந்து விலக்கி எண்ணத்தக்கது.

சுந்தரர், நாயன்மார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகையில் அரசி, அரசர், அமைச்சர் மூவரையும் தனித்தனியே வணங்குகிறார். ‘வரிவளையாள் மானி’ என்பது தேவியார். அறுபத்துமூவர் வரிசை உள்ள சிவாலயத்துக்குச் செல்லும்போது, கணவரின் நிழலில் அல்லாமல் தமக்கென ஓர் இடத்தில் நிற்கும் அவரைத் தேடிப் பாருங்கள்.