விருந்தில் ஒரு கிளாஸ், இரவெல்லாம் கால் குடைச்சல்

தீபாவளி, ஆண்டிறுதி விருந்துகள் நெருங்கும்போது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் நோய் (சும்மா இருக்கும்போது காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு) உள்ளவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு காப்பிக்கடையில் பீர் குடிப்பேன். அன்று இரவுதான் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் மோசமாகிறது. எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. அடியோடு விட வேண்டுமா? (ஆண், 44, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

ஓய்வாக இருக்கும்போது தொடங்குவது, இரவில் கூடுவது, நடந்தால் அடங்குவது ஆகிய மூன்றும் இந்த நோயின் அடையாளங்கள். குடி எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலருக்கு அரை கிளாசே இரவைக் கெடுத்துவிடும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்கு அது வெள்ளிக்கிழமைகளில் வருவதால் கண்டுபிடிப்பது சுலபம். நான்கு வாரம் பீரை மட்டும் நிறுத்திப் பாருங்கள், மற்றதெல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். மாலை நேரத்துக் கோப்பியும் கோலாவும் சிலருக்குக் கூட்டும் என்பதால் அவற்றையும் குறித்துவையுங்கள். சளிக்கோ அரிப்புக்கோ குளோர்ஃபெனிரமின் போன்ற தூக்க மயக்கம் தரும் மாத்திரை போட்டீர்களா என்பதை அவசியம் கவனியுங்கள். பலருக்குப் பீரைவிட அதுதான் பெரிய குற்றவாளி.

நிறுத்தியதும் கால் அடங்கினால் விடை கிடைத்துவிட்டது. பிறகும் எப்போதாவது குடிக்க நினைத்தால், அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள். சிங்கப்பூரில் ஓர் அளவு மது என்பது 10 கிராம் ஆல்கஹால். ஆண்கள் நாளொன்றுக்கு இரண்டு அளவைத் தாண்ட வேண்டாம் என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். காப்பிக்கடையின் பெரிய பாட்டில் 630 மில்லிக்குச் சற்று மேல். 5 சதவீத பீர் என்றால் அதிலேயே சுமார் 25 கிராம் இருக்கிறது, அதாவது ஒரே பாட்டிலில் வரம்பு தாண்டிவிடுகிறது. ஆளுக்கு ஆள் ஊற்றிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு தெரியாது. கல்லீரல் ஓர் அளவைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். அதனால் பத்து மணிக்குக் குடித்துவிட்டுப் பதினோரு மணிக்குப் படுப்பதைவிட, ஏழு மணிக்கு முன்பே சாப்பாட்டோடு முடித்துக்கொள்வது நல்லது.

இந்த நோய்க்கு ப்ரீகாபலின் மாத்திரை சாப்பிடுகிறேன். தம்பி கல்யாண விருந்தில் ஒரு கிளாஸ் ஒயின் மட்டும் குடிக்கலாமா? அன்று ஒரு வேளை மாத்திரையை விட்டுவிடட்டுமா? (பெண், 36)

இரண்டுமே வேண்டாம். ப்ரீகாபலின், கபாபென்டின் இரண்டும் மதுவோடு சேர்ந்தால் மயக்கம், தள்ளாட்டம் கூடும், மூச்சும் மந்தமாகலாம். தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும், வலிக்கு ஓபியாய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், காலும் படுத்தும். இதே நோய்க்குப் பிரமிபெக்சோல் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அதுவே தூக்கத்தை இழுக்கக்கூடியது. மருந்தை மாற்றுவதானால் மருத்துவரோடு பேசித்தான் மாற்ற வேண்டும். தம்பி கல்யாணத்தில் நீங்கள் தெளிவாக இருந்து மகிழுங்கள், அம்மா.

மாமனாருக்குக் கால் குடைச்சல். தூக்கத்துக்கு என்று தினமும் பிராந்தி குடிக்கிறார். தடுத்தால் கோபப்படுகிறார்.

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, மது சீக்கிரம் தூங்கவைத்துவிடும். ஆனால் உடலில் அது குறையக் குறையப் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும். அந்த நேரத்தில் கால் படுத்தினால் மறுபடி தூங்க முடியாது. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். சண்டை போடாமல் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப்போங்கள். நீரிழிவால் வரும் நரம்புக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு எதுவும் காரணமாக இருக்கலாம். முக்கியமாக, பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் துணையோடு குறைப்பதே பாதுகாப்பு.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது. பிறகு ஏன் இரும்புச்சத்து பற்றிக் கேட்கிறார்கள்?

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலில் இரும்புச் சேமிப்பு குறைவாக இருக்கலாம். அதை ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ள பெரியவர்களுக்கு அது 75 மைக்ரோகிராம்/லிட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிப்போம். பொதுவான ஆய்வக அறிக்கையில் இந்த எண் ‘நார்மல்’ என்றே வந்திருக்கும், அதனால்தான் எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். அப்புறம் இன்னொன்று: தொடர்ந்து குடிப்பவர்களுக்கு ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டலாம். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு இரும்பு ஏறியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைத் தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. நீங்களாகவும் தொடங்காதீர்கள்.

குடிக்காவிட்டால் நண்பர்கள் விடமாட்டார்கள். என்ன சொல்வது?

“மருந்து சாப்பிடுகிறேன்” போதும், விளக்கம் தேவையில்லை. சோடா லைம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் யாரும் ஊற்ற வரமாட்டார்கள். மேசை ஓரத்தில் உட்காருங்கள், நினைத்தபோது எழுந்து நாலு எட்டு நடக்கலாம்.