அரபு நாட்டு வரிசை நடனமான தப்கேயையும் ட்ரைபல் பெல்லி டான்ஸையும் ஒரே குழு கலந்து ஆட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். உடையை விட்டுவிட்டு தாள எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் சொதப்பிவிடும்.

பெயரில் ட்ரைபல் இருந்தாலும் ட்ரைபல் பெல்லி டான்ஸ் எந்தப் பழங்குடியின் ஆட்டமும் அல்ல. 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் கரோலினா நெரிச்சியோ தொடங்கிய குழுவில் உருவான பாணி. மனப்பாட நடனம் கிடையாது. முன்னால், ஆடுபவர்களின் இடது ஓரத்தில் நிற்பவர் சைகை கொடுப்பார், மற்றவர்கள் அப்படியே தொடர்வார்கள். அசைவுகள் பெரும்பாலும் நான்கு, எட்டு எண்ணிக்கை. வேக அசைவுகள் வலப்பக்கம் தொடங்கும்.

லெபனான், பாலஸ்தீனக் கல்யாணங்களில் கைகோத்து ஆடும் தப்கேயின் பரவலான அடவு ஆறு எண்ணிக்கை: இடது காலைக் குறுக்கே வை, வலது, மறுபடி குறுக்கே, வலது, இடது காலை உதை, அதையே ஓங்கி மிதி. வரிசை வலப்பக்கம் நகரும், தலைவர் வலது ஓரத்தில். ஆக எண்ணிக்கை, கால், தலைமை மூன்றும் முட்டிக்கொள்ளும்.

நாலு தப்கே சுற்று 24 எண்ணிக்கை. பாட்டு 32 எண்ணிக்கைக்கு ஒருமுறை திரும்ப வந்தால் மிச்சம் எட்டு. அந்த எட்டில் கையை விட்டு, இடைவெளி எடுத்து, தலைமையை இடது ஓரத்துக்கு மாற்றிவிடலாம். வலது ஓரத்தவரே தொடர விரும்பினால் எல்லோரும் நின்ற இடத்திலேயே அரைவட்டம் திரும்பி பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டட்டும். அவர் தானாகவே இடது ஓரமாகிவிடுவார்.

தடுமாற்றம் வருவது கடைசி மிதியில். தப்கேயில் இடது கால் தரையைத் தட்டும், எடை வலதிலேயே நிற்கும். அப்படியே நின்றால் அடுத்த அசைவுக்கு வலது கால் எழாது. நாலாவது சுற்றில் மட்டும் எடையை இடது காலுக்கு மாற்றிப் பழகுங்கள். இதை மட்டும் தனியாக, தாளமில்லாமல், மெதுவாகப் பலமுறை செய்யவேண்டும்.

கைகோத்தால் விரல் ஜால்ரா வாசிக்க முடியாது. பின்வரிசையில் இரண்டு பேரைக் கோக்காமல் நிறுத்தி, வலது-இடது-வலது என்று வாசிக்கவிடுங்கள்.

உடை கடைசியில். விளிம்பு 25 கஜம் வரும் ட்ரைபல் பாவாடை காலடியை முழுசாக மறைத்துவிடும். தப்கேயில் பார்ப்பதற்கே காலடிதான் இருக்கிறது. ஓரங்களைத் தூக்கி இடுப்புப்பட்டையில் செருகி, உள்ளே இருக்கும் தொளதொள கால்சட்டை தெரிய ஆடுங்கள்.