உபுண்டு டெர்மினலில் கண்ணெதிரே இருக்கும் கோப்பை "இல்லை" என்கிறதே, ஏன்?

பெரும்பாலும் நீங்கள் வேறு கோப்புறையில் நிற்பதுதான் காரணம். கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தித் டெர்மினலைத் திறந்ததும் ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்) உங்கள் ஹோம் கோப்புறையில்தான் இருக்கும். 'பிடபிள்யூடி' என்ற கட்டளையைத் தட்டினால் இருக்குமிடம் தெரியும். 'சிடி' கட்டளை போட்டு இடம் மாறலாம்.

இடம் சரி என்றால் பெயரைப் பாருங்கள். உபுண்டு உள்ளிட்ட லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. பெயருக்குள் இடைவெளி இருந்தால் பாஷ் (உபுண்டுவில் வழக்கமாக வரும் ஷெல்) அதை இரண்டு பெயராகப் பிரித்துவிடும். மேற்கோள் குறிக்குள் போடவேண்டும். அதைவிட நல்ல வழி, முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்துவது. ஷெல்லே மீதியை நிரப்பும். நிரம்பாமல் நின்றால் இன்னும் இரண்டு முறை டேப். பொருந்தும் பெயர்கள் எல்லாம் வரும். ஒன்றுமே வரவில்லையா, அந்தப் பெயரில் அங்கே கோப்பு இல்லை.

இது கைக்குப் பழகும்வரை, கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை வேண்டாம். அது அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. அழித்தே ஆகவேண்டும் என்றால் 'ஆர்எம் மைனஸ் ஐ' பயன்படுத்துங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்.