மக ப்ராஜெக்ட் பத்தி கேட்ட சிம்பாங் அம்பாட் அண்ணனுக்கு

அண்ணே வணக்கம். நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். மக யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நிபோங் திபால் கேம்பஸ்ல கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம், காத்துல கலந்த விஓசிய ஃப்ளூயிடைஸ்ட் பெட் வச்சு பிடிக்கிற ப்ராஜெக்ட் எடுத்திருக்கா, "காத்த கழுவுறதுக்கு யாரும்மா சம்பளம் குடுப்பா"ன்னு நீங்க கேட்டதும் அழுதுட்டான்னு சொன்னீங்க. இத்தன வருஷமா ஃபர்னிச்சருக்கு ஸ்ப்ரே அடிக்கிறேன், இந்த தின்னர் வாடை என்னோட போகட்டும்னுதான் படிக்க வச்சேன், இவ திரும்ப அதுகிட்டயே போறாளேன்னு நீங்க சொன்ன எடத்துல எனக்கும் தொண்ட அடைச்சிருச்சு.

அந்த வாடைதாண்ணே விஓசி. தின்னர்ல இருக்கிற டொலுவீன், சைலீன் மாதிரி சட்டுனு ஆவியாகிற சாமான்தான். நீங்க போடுற மாஸ்க்ல ரெண்டு பக்கமும் கேட்ரிட்ஜ் இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கிறது ஆக்டிவேட்டட் கார்பன். தேங்கா சிரட்டையிலயும் இந்தக் கரிய செய்வாங்க. ஒரு கிராம் கரிக்குள்ள இருக்கிற பொந்துங்களோட பரப்ப விரிச்சா 1000 சதுர மீட்டர் கிட்ட வரும், ஆவி போய் அதுல ஒட்டிக்கும். பொந்தெல்லாம் நெறஞ்சா வாடை உள்ள வந்துரும், கேட்ரிட்ஜ மாத்தணும். ஒரு பெக்டரிக்கே இப்படி மாத்திக்கிட்டு இருந்தா கட்டுப்படியாகுமா? சாதா கார்பன் டவர்ல கரி அசையாம கெடக்கும், நெறஞ்சதும் அத நிறுத்தி ஸ்டீம் விட்டு சுத்தம் பண்ணணும், அதுவரைக்கும் இன்னொரு டவர் ஓடணும், சில சால்வெண்ட்டுக்கு, அதாவது தின்னர் மாதிரி கரைப்பானுக்கு, கரி நடுவுல சூடு தேங்கி தீ பிடிக்கிற ஆபத்தும் இருக்கு.

உங்க மக எடுத்திருக்கிற ஃப்ளூயிடைஸ்ட் பெட் வேற வழி. சின்னச் சின்ன உருண்டையா இருக்கிற கரிய ஓட்டை போட்ட தட்டு மேல போட்டு கீழருந்து காத்த ஏத்துவாங்க, ஒரு வேகத்த தாண்டுனதும் உருண்டையெல்லாம் எழும்பி உலையில அரிசி கொதிக்கிற மாதிரி புரளும், அப்ப அந்தக் கரி தண்ணி மாதிரி ஆயிரும், தட்டு தட்டா வழிஞ்சு எறங்கும். காத்து மேல போகுது, கரி கீழ வருது. நெறஞ்ச கரிய தனியா சூடு பண்ணி, பிடிச்சு வச்சத விட வச்சு, திரும்ப மேலேயே அனுப்பலாம், மெஷின நிறுத்தவே வேணாம். பெரிய காத்துல கொஞ்சூண்டா பரவியிருந்த தின்னர் சின்ன காத்துல கெட்டியா வந்துரும், எரிக்கவும் சுலபம், குளிர வச்சு சால்வெண்ட்ட திரும்ப எடுக்கவும் சுலபம். தொல்லையும் இருக்கு, உருண்டைங்க மோதி மோதி தேஞ்சு தூளாகும், அப்புறம் நம்ம பினாங்கு காத்துல இருக்கிற ஈரம் இருக்கே, அந்தத் தண்ணி ஆவியும் அதே பொந்துக்கு போட்டி போடும். காஞ்ச காத்துல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு விட்டுறாம ஈரக் காத்துலயும் பண்ணச் சொல்லுங்க, இன்டர்வியூல அதத்தான் நோண்டிக் கேப்பாங்க.

வேலைக்கு வருவோம். ஃப்ளூயிடைஸ்ட் பெட் தெரிஞ்ச ஆள் வேணும்னு விளம்பரம் வரும்னு பொய் சொல்ல மாட்டேன், இங்க பெக்டரிங்கள்ல அதிகமா பாக்கிறது தண்ணி தெளிச்சு புகைய கழுவுற ஸ்க்ரப்பர், துணிப் பையில தூசிய வடிகட்டுற பேக் ஃபில்டர், சாதா கார்பன் டவர்தான். ஆனா காத்து எவ்ளோ, ப்ரெஷர் எவ்ளோ விழும், எந்த சைஸ் ஃபேன் வேணும், இந்தக் கணக்கு எல்லா எடத்துக்கும் ஒண்ணுதான். மருந்து பெக்டரியில மாத்திரைக்கான குருணைய காய வைக்கிறதும் இதே புரளல்தான், எண்ணெய் சுத்திகரிப்புல 1942லருந்து இது ஓடுது. பினாங்கு பாயான் லெப்பாஸ்ல 1972லருந்து எலக்ட்ரானிக்ஸ் பெக்டரிங்க இருக்கு, அங்கயும் சால்வெண்ட் இல்லாம வேலை நடக்காது.

சட்டமும் சும்மா விடாது. மலேசியாவோட 1974 சுற்றுச்சூழல் சட்டத்துக்கு கீழ 2014ல வந்த சுத்தமான காத்து விதிகள்படி, புகையையும் ஆவியையும் பிடிக்கிற மெஷின பாத்துக்க தகுதிச் சான்று வாங்குன ஆள் வேணும். பாங்கியில இருக்கிற எய்மாஸ்ங்கிற சுற்றுச்சூழல் பயிற்சி நிலையம் அந்த ட்ரெய்னிங் குடுக்குது, ஸ்க்ரப்பர் ஓட்டுறதுக்கான சான்றுக்கு செப்சோன்னு பேரு. 2019 மார்ச்ல ஜொகூர் பாசிர் கூடாங்ல சுங்கை கிம் கிம் ஆத்துல எவனோ கொட்டுன கெமிக்கல் கழிவோட ஆவியால ஆயிரக்கணக்கான பேர் சிகிச்சைக்கு ஓடுனாங்க, பள்ளிக்கூடமெல்லாம் மூடுனாங்க, மறந்திருக்க மாட்டீங்க.

உடனே மாஸ்டர்ஸ்ங்கிறாளே, அதுல மட்டும் நான் உங்க பக்கம். மொதல்ல ரெண்டு வருஷம் ப்ளாண்ட்ல நிக்கட்டும், டிகிரி கையில வந்ததும் போர்ட் ஆஃப் இன்ஜினியர்ஸ்ல கிராஜுவேட் இன்ஜினியரா பதிஞ்சிரட்டும், செப்சோ செலவ கம்பெனியே ஏத்துக்குமான்னு வேலைக்கு சேரும்போதே கேக்கட்டும்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒரு நாள் லீவு போட்டு, அவ சுப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு லேப்புக்கு போங்க, அந்தக் கரி புரளுறத கண்ணால பாருங்க. போகும்போது பழைய கேட்ரிட்ஜ் ஒண்ணு எடுத்துட்டு போங்கண்ணே, உள்ள என்ன இருக்குன்னு அவளே உங்களுக்கு தொறந்து காட்டட்டும்.