ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: அசெம்பிள் கணினி கேள்வி-பதில்

கேள்வி: பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: இப்போதே மதர்போர்டு மேல் பழி போடாதீர்கள். ஃபேன் சுற்றினால் 12 வோல்ட் வருகிறது என்று மட்டும்தான் தெரியும். பிராசஸர் விழித்துக்கொண்டதா என்பது வேறு விஷயம்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. அடுத்து, பிராசஸருக்குப் பக்கத்தில், போர்டின் மேல் மூலையில் செருகும் 8 பின் பவர் கேபிள். 24 பின் பெரிய கேபிளை யாரும் மறப்பதில்லை, இதைத்தான் மறப்பார்கள். இது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது.

இரண்டும் சரியா? அப்புறம் ராம், அதாவது நினைவகப் பட்டை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது. பல மதர்போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குவது) என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேடுங்கள். அதைப் பார்க்காமலே புது பாகம் வாங்கிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

கேள்வி: புதிதாக டிடிஆர்5 ராம் போட்டேன். கருப்புத் திரைதான். ஐந்தாறு முறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டேன்.

பதில்: அப்படிச் செய்யாமல் விட்டுவிடுங்கள். புது ராமைக் கண்டதும் போர்டு அதற்கேற்ற வேகத்தையும் நேர அளவுகளையும் சோதித்துப் பார்க்கும். முதல் முறை சில நிமிடங்கள் ஆகலாம். நீங்கள் அணைக்கும்போதெல்லாம் அந்த வேலை பாதியில் நிற்கிறது. கால் மணி நேரம் தொடாமல் இருங்கள்.

கேள்வி: மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளை பெட்டி) மாற்றினேன். பழைய கேபிள்கள் உள்ளே நன்றாகக் கட்டியிருந்ததால் அவற்றையே புதியதில் செருகினேன். ஆன் ஆகவில்லை.

பதில்: இன்னொரு முறை ஆன் செய்யாதீர்கள்! பாகங்களில் செருகும் முனைதான் எல்லா கேபிளிலும் ஒன்று. எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்குப் பொதுவான விதி கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே கம்பி வரிசை மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் கருகிவிடும். அப்படிக் கருகிய ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஒரு குடும்பத்தின் படங்கள் அத்தனையும் அதில் இருந்தன, என்னால் மீட்டுத் தர முடியவில்லை. பழைய கேபிள் ஒன்றுவிடாமல் கழற்றுங்கள். புதியதோடு வந்தவற்றைப் போட்டு, முதலில் டிஸ்க் எதையும் இணைக்காமல் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: ஆன் ஆகி ஒரு நொடியில் அணைகிறது. மறுபடி தானே ஆன் ஆகிறது. கேபினெட் மாற்றியதிலிருந்து இப்படித்தான்.

பதில்: கேபினெட் மாற்றிய பிறகு என்றால் ஷார்ட் சர்க்யூட் மேல்தான் என் சந்தேகம். போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில் ஒன்று, ஸ்க்ரூ துளை இல்லாத இடத்தில் நின்று போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

போர்டை வெளியே எடுத்து ஒரு அட்டைப் பெட்டி மேல் வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் போதும். பிராசஸரில் டிஸ்ப்ளே வசதி இல்லையென்றால் மட்டும் கிராபிக்ஸ் கார்டு. பவர் ஸ்விட்ச் செருகும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். நிலையாக ஓடினால் குற்றம் கேபினெட் பக்கம். ஓடாவிட்டால் இந்த நான்கைந்து பாகங்களில்தான் திருடன் இருக்கிறான். ஓடியபின் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் பட்ட பாடெல்லாம் வீண். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறந்து பார்க்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழையதாகிவிடுகிறது, பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கும் அழிகிறது.

பதில்: போர்டில் இருக்கும் காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032. மாற்றிவிட்டு, பயாஸில் தேதியையும் பூட் வரிசையையும் ஒருமுறை சரிசெய்துவிடுங்கள்.